கலாத்தியர் வகுப்பு: 6 சனிக்கிழமை, 700 ரூபாய்

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் நடக்கும் கலாத்தியர் வகுப்பை (பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கடிதம்) ஒருவழியாக முடித்துவிட்டேன். சபையின் பெயர் வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். சாயங்காலம் ஆறரை முதல் எட்டரை வரை. 700 ரூபாயில் ஸ்பைரல் போட்ட நோட்ஸும் டீயும் அடக்கம். டீ பிரமாதம். நோட்ஸில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. வந்தவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பாவம்.

விசுவாசத்தினால் இரட்சிப்பு, கிரியைகளினால் (நம் செயல்களால்) அல்ல என்பதை சண்டே ஸ்கூலில் மனப்பாடமாக ஒப்பித்து எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். அர்த்தம் மட்டும் கேட்கக்கூடாது. பாடம் எடுத்த ஐயா ஆரம்பித்ததே சாப்பாட்டுப் பந்தியிலிருந்துதான். அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிப் போகிறார், பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டுவிடுகிறார். விருத்தசேதனம் (ஆண்குறி நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு), யாரோடு சாப்பிடலாம், எந்த நாளை ஆசரிப்பது, இதெல்லாம் இருந்தால்தான் நீ முழு விசுவாசி என்று சொன்னவர்களோடுதான் பவுலுக்குச் சண்டை. பந்தி என்றதும் ஐயா தஞ்சாவூருக்குத் தாவிவிட்டார்: 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது அங்கே எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று. ஹாலில் சத்தமே இல்லை. ஒருத்தர் நோட்ஸைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வாரம்தான் உச்சம். ஆபிரகாம் விசுவாசித்து நீதிமானாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15ல், விருத்தசேதனம் வருவது 17ல், நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த சட்டம்) வருவது ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 வருஷம் கழித்து என்று பவுல் கணக்குப் போடுகிறார். இத்தனை வருஷம் படித்தும் எனக்கு இந்த வரிசை உறைத்ததில்லை. அப்புறம் 'உபாத்தி' என்ற சொல். நியாயப்பிரமாணம் நமக்கு உபாத்தி என்று பழைய மொழிபெயர்ப்பில் படித்துப் படித்து வாத்தியார் என்றே நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் அது பையனைக் கண்காணித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற அடிமையாம். "ஸ்கூல் வேன்ல வர்ற ஆயாம்மா மாதிரிங்க. பையன் எலக்ட்ரானிக் சிட்டியில வேலைக்குச் சேர்ந்த அப்புறமும் ஆயாம்மா கையைப் பிடிச்சுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார் ஐயா.

அன்றைக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். வெள்ளைச் சேலை, காதில் தோடு இல்லை, துளை தூர்ந்து ஒரு கோடு மட்டும் தெரிகிறது. "அப்போ நான் இருபது வருஷமா நகை போடாம இருக்கிறது வீணாங்க ஐயா?" என்று கேட்டார். ஐயா உடனே பதில் சொல்லவில்லை. இரட்சிக்கப்படுவதற்காகக் கழற்றியிருந்தால் அது தேவையில்லை, இரட்சிக்கப்பட்ட சந்தோஷத்தில் கழற்றியிருந்தால் அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவில், ஆனால் மருமகள் காதில் கை வைக்காதீர்கள் என்றார். அக்கா சிரிக்கவில்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டார். எனக்கு 700 ரூபாய் அங்கேயே வசூலாகிவிட்டது.

குறைக்கு வருகிறேன். பைபிளில் உள்ள யாக்கோபு நிருபத்தை (கடிதத்தை) கடைசி நாளில் பத்தே நிமிஷத்தில் ஓட்டிவிட்டார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று அது பளிச்சென்று சொல்கிறது, ரோமர் 3:28ல் 'விசுவாசத்தினால்' என்பதோடு 'மாத்திரம்' என்ற சொல்லை சீர்திருத்தவாதி லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தது வேறு இருக்கிறது, இரண்டு வாரம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். போதாக்குறைக்கு, கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மா வழி முழுக்கக் கத்தோலிக்கர். நீதிமானாக்கப்படுதல் (கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது) பற்றி லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31ல் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நாம் செய்த எந்தப் புண்ணியத்தாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே என்று அதில் இருக்கிறது. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை, சரி, அதையாவது சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, வருகைப் பதிவேடு. இரண்டு முறை தாமதமாக வந்தால் ஒரு ஆப்சென்ட், இரண்டு ஆப்சென்ட் என்றால் சான்றிதழ் கிடையாது. கலாத்தியருக்கு! ஹென்னூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டி நான்கு நாள் லேட்டாகப் போன எனக்கு சான்றிதழ் இல்லை. ரெஜிஸ்டர் வைத்திருந்த தம்பியிடம், மறுபடியும் அடிமை நுகத்துக்கு உட்படாதீர்கள் என்கிற ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தேன், "ரூல்ஸ் அண்ணா" என்றான்.

இன்னொரு விஷயம், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தயாராகப் போங்கள். நியாயப்பிரமாணம் என்ற சொல்லிலேயே என் மகள் இறங்கிவிட்டாள்.

அடுத்து ரோமர், 12 வாரம். பணம் கட்டிவிட்டேன். இந்த முறை வீட்டிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடுவதாக இருக்கிறேன்.