அக்டோபரில் யாரை நம்புவது?

2019 மே மாதக் கடைசியில், அமெரிக்க பேஸ்பால் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் அதுவரை ஆடிய 50 ஆட்டங்களில் வென்றவை 19தான். ஆட்டத்தின் பின்பகுதியில் வந்து பந்தெறியும் அதன் மாற்றுப் பிட்சர்கள், ஓட்டம் கொடுத்ததில் அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே மிக மோசமானவர்கள். ஆனாலும் சாம்பியனைத் தீர்மானிக்கும் அக்டோபர் தொடர்களில், சீசனில் 106 ஆட்டங்கள் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸையும், 107 வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸையும் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது அந்த அணிதான்.

எப்படி? 162 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான சீசனில் ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. ஐந்து தொடக்கப் பிட்சர்களும் ஏழெட்டு மாற்றுப் பிட்சர்களும் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. அக்டோபரில் இடையிடையே ஓய்வுநாள் வருவதால், சிறந்தவர்களையே திரும்பத் திரும்ப இறக்கலாம். ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின், சான்செஸ் என்ற நால்வரையே நேஷனல்ஸ் நம்பியது. இடையில் ஆள் தேவைப்பட்டபோதும் பலமுறை இவர்களில் ஒருவரே வந்தார். இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் நடுவே இறங்கி, ஒன்பது இன்னிங்ஸில் மூன்றை ஓட்டமின்றி எறிந்தவர் தொடக்கப் பிட்சரான கார்பின்.

இதற்கு நேரெதிர் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ். 2014இல் அவர்கள் அடித்த ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுப்பவை) 95; மேஜர் லீகிலேயே கடைசி இடம். பந்து அடிபடாமலே ஓடித் திருடிய பேஸ்கள் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொடவேண்டிய இடங்கள்) 153, முதலிடம். பந்தைக் களத்துக்குள் தட்டாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆவதும் அவர்களிடம் மிகக் குறைவு. பந்தைத் தட்டு, ஓடு, களத்தில் எதையும் தவறவிடாதே. ஆறு இன்னிங்ஸ் முடியும்போது முன்னிலையில் இருந்தால் ஏழாவதை ஹெர்ரேராவிடமும் எட்டாவதை டேவிஸிடமும் ஒன்பதாவதை ஹாலண்டிடமும் கொடு. இந்த வழியில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைந்தார்கள்.

இந்த இரு வகைகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதின. 2014 வேர்ல்டு சீரிஸில் ராயல்ஸை எதிர்த்த சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் தொடக்கப் பிட்சர் மேடிசன் பம்கார்னர் முதலாவது, ஐந்தாவது ஆட்டங்களைத் தொடங்கி வென்றிருந்தார். இரண்டே நாள் ஓய்வுக்குப் பின் ஏழாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தார். ஜயண்ட்ஸின் முன்னிலை 3-2. அங்கிருந்து இறுதிவரை 68 பந்துகள் அவருடையவை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ராயல்ஸின் அலெக்ஸ் கோர்டன் மூன்றாவது பேஸில் நிற்க, ராயல்ஸ் அங்கேயே முடிந்துபோனது. ராயல்ஸின் மூவர் சேர்ந்து செய்யும் வேலையை ஒருவர் தனியாளாகச் செய்துவிட்டார்.

2015இல் கதை திரும்பியது. வேர்ல்டு சீரிஸில் ராயல்ஸை எதிர்த்த நியூயார்க் மெட்ஸிடம் டீக்ராம், ஹார்வி, சிண்டர்கார்ட், மாட்ஸ் என்று நான்கு இளம் வேகப் பிட்சர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஹார்வி எட்டு இன்னிங்ஸ் ஓட்டமே தரவில்லை. மெட்ஸ் 2-0 முன்னிலை. ஒன்பதாவதையும் தானே எறிய வேண்டும் என்று அவர் பயிற்சியாளரிடம் மன்றாடி இறங்கினார். ஒரு நடை (தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்), ஒரு இரட்டை (இரண்டு பேஸ் அடி). ஓட்டம் ஒன்று வந்தது. பிறகு மூன்றாவது பேஸிலிருந்த ராயல்ஸின் எரிக் ஹோஸ்மர், பந்து முதல் பேஸுக்குப் போன அந்த நொடியில், தொட்டால் ஓட்டமாகும் ஹோமை நோக்கிப் பாய்ந்தார். திருப்பி எறிந்த பந்து விலகிப் போனது, ஆட்டம் சமனாகிக் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனது. 12ஆவது இன்னிங்ஸில் ஐந்து ஓட்டங்கள் குவித்து ராயல்ஸ் கோப்பையை வென்றது. ஸ்ட்ரைக் அவுட் ஆகாத அணிக்குத்தான் இப்படியொரு வாய்ப்பு கிடைக்கும். பந்து களத்துக்குள் வந்தால்தானே எதிரணி தடுமாறும்?

மூன்றாவது வகை, ஹோம் ரன்களால் எழும் அணி. 2019 மினசோட்டா ட்வின்ஸ் 307 ஹோம் ரன்கள் அடித்து சாதனை படைத்தது. 2023இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அதே எண்ணிக்கையைத் தொட்டது. இரண்டுமே தங்கள் முதல் தொடரிலேயே வெளியேறின. பிரேவ்ஸ் நான்கு ஆட்டங்களில் எடுத்தது எட்டு ஓட்டங்கள்தான். இதைக் காட்டி ஹோம் ரன்னைக் குறைசொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பிலடெல்பியா ஃபிலீஸ் அவர்களை 10-2 என்று தோற்கடித்தது ஆறு ஹோம் ரன்களால்தான். சிறந்த பிட்சருக்கு எதிராக மூன்று அடிகளைத் தொடர்ச்சியாகக் கோப்பது கடினம்; ஒரே அடியில் ஓட்டம் எடுப்பது அதைவிடச் சாத்தியம்.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொடக்கப் பிட்சர்களையே எடுப்பேன். தொடக்கப் பிட்சர் ஐந்தாவது இன்னிங்ஸிலும் இறங்குவார், ஒன்பதாவதிலும் இறங்குவார். ஒரு இன்னிங்ஸுக்கென்றே பழகியவரால் ஆறு இன்னிங்ஸ் எறிய இயலாது. அதற்காக இது உத்தரவாதம் என்று சொல்லமாட்டேன். மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் என்ற மூவரும் சேர்ந்திருந்த 1990களின் பிரேவ்ஸ் வென்ற வேர்ல்டு சீரிஸ் 1995இல் ஒன்றே ஒன்று. சீசன் வெற்றிகள் அதைவிடவும் குறைந்த துணை: 2001இல் 116 ஆட்டங்கள் வென்ற சியாட்டில் மரினர்ஸ் லீக் இறுதித் தொடரைத் தாண்டவில்லை.

ஆனாலும் 2025 என் பக்கம் நின்றது. டாட்ஜர்ஸின் மாற்றுப் பிட்சர்கள் ஆட்டம்கண்டிருந்தார்கள். தொடக்கப் பிட்சர்களே அணியைச் சுமந்தார்கள். வேர்ல்டு சீரிஸில் எதிரே டொராண்டோ ப்ளூ ஜேஸ், ராயல்ஸைப் போல எளிதில் ஸ்ட்ரைக் அவுட் ஆகாத அணி. முந்தைய இரவு 96 பந்துகள் எறிந்திருந்த டாட்ஜர்ஸின் தொடக்கப் பிட்சர் யோஷினோபு யமமோட்டோ ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் மீண்டும் வந்தார். 11ஆவதில் டாட்ஜர்ஸின் முன்னிலை 5-4. முதல், மூன்றாவது பேஸ்களில் ப்ளூ ஜேஸ் ஆட்கள், ஒருவர் அவுட். அலெஹான்ட்ரோ கர்க் ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை, தட்டினார். பந்து உருண்டு நேராக டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸிடம் போனது. அவர் இரண்டாவது பேஸை மிதித்து முதலாவதுக்கு எறிந்தார். இரண்டு அவுட்கள் ஒருசேர விழுந்தன, கோப்பை டாட்ஜர்ஸுக்கு.