மகளிர் சுகர் பேக்கேஜ்: கால் டெஸ்ட் அருமை, ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள்

அம்மாவுக்கு வயசு 56, சுகர் வந்து 14 வருஷம், மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். கொஞ்ச நாளாகக் கடைத்தெரு வரை நடந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் எங்க ஊர் பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு லேபில் 3,800 ரூபாய் கட்டி இந்த பேக்கேஜ் எடுத்தோம். லேப் பேரைச் சொல்லவில்லை, இதே பேக்கேஜ் இப்போது ஊர் ஊருக்கு ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கால் டெஸ்ட்டை அவசரமே இல்லாமல் செய்தார்கள். படுக்க வைத்து, பத்து நிமிஷம் ஓய்வெடுக்கச் சொல்லி, இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்டி, ஜில்லென்று ஒரு ஜெல்லைத் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தால் ரத்த ஓட்டம் விஷ்க் விஷ்க் என்று கேட்கிறது. அம்மா, "என் ரத்தம் பிரஷர் குக்கர் மாதிரில்ல கத்துது" என்றாள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் எண்தான் விஷயம். 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று சந்தேகப்பட வேண்டும்.

அம்மாவுக்கு வந்தது 1.46. பக்கத்தில் பச்சை டிக், "நார்மல்". சரி, தப்பித்தோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த பக்கம் ஹார்மோன். எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) 68, சிவப்பு. எஸ்ட்ராடியால், அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் முக்கிய வகை, அடிமட்டம், அதுவும் சிவப்பு. அம்மா அன்றைக்கு ராத்திரி சரியாகவே சாப்பிடவில்லை.

எங்கள் சுகர் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, சிவப்பும் பச்சையும் இடம் மாறிப் போயிருக்கிறது என்றார். மாதவிலக்கு நின்றவளுக்கு அந்த இரண்டு ஹார்மோனும் அப்படித்தான் இருக்கும், அதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. சிவப்பு போட்டிருக்க வேண்டியது 1.46-க்குத்தான். ரொம்ப வருஷ சுகரில் காலின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும், பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது, அதனால் எண் பொய்யாக ஏறும். 1.4-ஐத் தாண்டினாலே கால் கட்டை விரலில் பிரஷர் பார்க்க வேண்டுமாம். பார்த்தோம், அதையும் கை பிரஷரால் வகுத்தால் 0.64. விரலுக்கு 0.7-க்குக் கீழே போகக் கூடாது. கெண்டைக்கால் பிடித்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயின் உள்பூச்சில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கிறது, குழாய் தளர்ந்து விரிவது அதனால்தான். மாதவிலக்கு நிற்கும் வரை ஆண்களைவிடப் பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுகர் வந்த பெண்களுக்கு அந்தச் சலுகை முன்பே பெரும்பாலும் போய்விடுகிறது. இன்சுலினும் ஹார்மோன்தானே, அதுவும் இதே நைட்ரிக் ஆக்சைடு வேலையைச் செய்கிறது, உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது அந்த வழியும் மந்தமாகிவிடுகிறது.

அம்மா விடவில்லை. "அப்ப அந்த ஹார்மோனையே மாத்திரையா குடுத்துடுங்களேன் டாக்டர்?" அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்களாம். மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் எல்லாம் கூடியதால் 2002-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதயத்தைக் காப்பாற்ற அந்த மாத்திரையைக் கொடுப்பதில்லை என்றார். கொழுப்பு மாத்திரை, பிபி மாத்திரை, தினமும் நடை, வலி வந்தால் நின்று மறுபடி நடை, செருப்பில்லாமல் வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது. இவ்வளவுதான் சீட்டில் எழுதினார்.

பேக்கேஜில் இருந்த தைராய்டு டெஸ்ட் மட்டும் உருப்படி, தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும். மற்ற ஹார்மோன்கள் அம்மா வயசுக்காரர்களுக்குத் தண்டம். ரிப்போர்ட்டை ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாகத்தான் இருக்கிறது, பார்த்திருந்தால் 1.46-க்குப் பச்சை விழுந்திருக்காது. போன் பண்ணிச் சொன்னேன், "சாஃப்ட்வேர்ல அப்படி செட் பண்ணியிருக்கு சார்" என்றார்கள்.

அடுத்த வருஷமும் அங்கேதான் போவோம், அந்த டெக்னீஷியன் பெண்ணின் கைக்காக. கால் டெஸ்ட்டை மட்டும் தனியாக 900 ரூபாய்க்கே செய்கிறார்கள். போர்டில் இருக்காது, கவுன்டரில் கேட்டால்தான் சொல்வார்கள்.