கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால்

எங்கள் வண்டி 2013இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக். ஐந்து கியர், கேபிளில் இயங்கும் கியர் லிவர், ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கடத்துவது. இன்றைக்கு 1,46,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி சத்தியமங்கலத்துக்கும் தாளவாடிக்கும் நடுவில் ஓடியதுதான். தாளவாடிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வாரம் ஒரு தடவையாவது போக வேண்டும். பண்ணாரி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு கரும்பு லாரி மாட்டினால் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவிலேயே மலை முழுக்க ஏற வேண்டியிருக்கும். அதனால் கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அந்த ரோட்டில் உடனே தெரிந்துவிடும்.

இத்தனை வருடத்தில் கியர் கடினமாக விழும் பிரச்சினை எனக்கு மூன்று தடவை வந்தது. கையில் உணர்ந்தது மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான், காரணம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. நடுவில் வந்ததற்கு ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கியர்பாக்ஸில் கை வைக்காமலே அது சரியானது. அதே நிலையில் இன்னொருவர் இருந்தால் இது உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தடவை 2016 டிசம்பரில். கியர் ஆயில் மாற்றிய அடுத்த வாரம் தாளவாடியில் தங்கியிருந்தேன். மேட்டு நிலம், விடியற்காலையில் நல்ல குளிர். வண்டியை எடுத்தால் இரண்டாவது கியர் களிக்குள் கரண்டியை விட்டது போல மெதுவாக நகர்ந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை.

ஆயில் மாற்றிய இடத்தில் கேட்டேன். எல்லா வண்டிக்கும் ஊற்றும் 90 ஆயிலைத்தான் ஊற்றினோம் என்றார்கள். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால் 75டபிள்யூ-80, ஜிஎல்-4 என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அவர்கள் ஊற்றியது 80டபிள்யூ-90, அதுவும் ஜிஎல்-5.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, ஆயில் கெட்டி; 75டபிள்யூ-80, 80டபிள்யூ-90 என்பதெல்லாம் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்கள். குளிரில் இன்னும் கெட்டியாகும். இன்னொன்று ஜிஎல் எண், ஆயில் எந்த வேலைக்கு என்று சொல்லும் வகை எண். கியர் மாறும்போது இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமன் செய்வது பித்தளை போன்ற உலோகத்தில் செய்த சின்க்ரோ ரிங். அது உராய்வில்தான் வேலை செய்கிறது. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகச் செய்த ஜிஎல்-5 ஆயில், அந்த ரிங்குக்கு வேண்டிய பிடிமானத்தைக் குறைத்துவிடும். அதிலிருக்கும் கந்தகம், பாஸ்பரஸ் கலவைகள் சில வகைகளில் பித்தளையை அரிக்கவும் செய்யும். பெரிய எண் போட்டிருப்பதால் ஜிஎல்-5 உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சரியான ஆயில் இரண்டு லிட்டர் வாங்கி ஊற்றினேன், அடுத்த குளிர்காலத்தில் அந்தக் களி உணர்வு இல்லை. குளிரில் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கியர் லேசாக இறுகுவது எந்த மேனுவல் வண்டியிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது தடவைதான் முக்கியமானது. 2019இல் மூன்று நான்கு மாதமாகவே முதல் கியரும் ரிவர்ஸும் சரியில்லை. சிக்னலில் நின்று கிளம்பினால் முதல் கியருக்கு லிவரை அழுத்தித் தள்ள வேண்டும். ரிவர்ஸ் போட்டால் கர்ர்ர் என்று சத்தம். வயதாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திம்பத்தில் பாதி ஏறியபோது, வளைவில் திரும்ப முடியாமல் ஒரு லாரி நின்றது. பின்னால் நானும் நின்றேன். லாரி நகர்ந்த பிறகு எனக்கு முதல் கியர் விழவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினை அணைத்தேன். கியர் வெண்ணெய் போல விழுந்தது. கியரிலேயே வைத்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து ஸ்டார்ட் செய்தேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர்ந்தது. எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன்.

முப்பதாயிரம் சொன்ன பட்டறை இதற்குப் பிறகு போனதுதான். அவர்கள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சின்க்ரோ போய்விட்டது என்றார்கள். பணத்தைப் புரட்ட ஒரு வாரம் ஆகும் போலிருந்தது. அதற்குள் சொந்தக்காரர் ஒருவர், லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் அணைந்த நிலையில் ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் சுளுவாக விழுந்தன. ஸ்டார்ட் செய்து அதையே திரும்பச் செய்தார். முதல் கியர் மறுத்தது, ரிவர்ஸ் கத்தியது.

"கியர்பாக்ஸுல ஒண்ணுமில்லீங்க தம்பி. கிளட்ச் கட் ஆகறதில்ல."

"அப்ப இறக்க வேண்டியதில்லீங்களாண்ணா?"

"இறக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நாலு இருக்குதுங்க. அத மொதல்ல பாப்போம்."

கிளட்ச் மிதியை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலிலிருந்து முற்றிலும் விலகாமல் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தால், கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான இன்புட் ஷாஃப்டை இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றிருக்கும்போது முதல் கியர் விழ அந்த ஷாஃப்ட் நிற்க வேண்டும். சின்க்ரோ அதை நிறுத்தப் பார்க்கிறது, இன்ஜின் விடாமல் சுற்றுகிறது. இந்த இழுபறிதான் நம் கைக்குக் கடினமாகத் தெரிகிறது. இன்ஜினை அணைத்தால் சுற்றுவதற்கு ஆள் இல்லை, கியர் விழுந்துவிடுகிறது. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, அதனால் அங்கே நேராகப் பல்லோடு பல் உரசிக் கத்தும். கிளட்ச்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டும் கத்தினால், ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது என்று அர்த்தம்.

அடுத்து சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, முதல் கியரில் வைத்து கிளட்ச்சை முழுக்க மிதித்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தார். வண்டி மெதுவாக முன்னால் ஊர்ந்தது. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பிறகு கிளட்ச் மிதியை வேகமாக நான்கைந்து முறை அடித்துவிட்டு முதல் கியர் போட்டார். விழுந்தது! அடித்தால் சரியாகிறது என்றால் கிளட்ச் லைனில் காற்று இருக்கிறது, அல்லது ஆயில் எங்கேயோ கசிகிறது.

மிதிக்கு மேலே, மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் விரலை விட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. கீழே கியர்பாக்ஸ் மேலிருந்து, அந்த ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் கறுப்பாக ஆயில் சொட்டியது. உள்ளேயிருந்த சீல் தேய்ந்துபோயிருக்கிறது. என்னை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் தள்ளும் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். அதே மாடல் வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. அதில் நகர்ந்ததில் முக்கால் பங்குகூட இதில் இல்லை.

புது ஸ்லேவ் சிலிண்டர், டாட் 4 என்ற வகை பிரேக்-கிளட்ச் ஆயில், லைனிலிருந்து காற்று எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். அன்று சாயங்காலமே ஒற்றை விரலால் முதல் கியர் போட்டேன்.

ஒன்று இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வண்டியில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஆயில் டப்பா ஒன்றுதான், இன்னும் பல கார்களில் அப்படித்தான். கிளட்ச்சுக்குப் போகும் குழாய் பொதுவாக மேல்மட்டத்தில் இருப்பதால், கிளட்ச் கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்சும். ஆனாலும் அந்த டப்பாவில் மட்டம் இறங்கினால் சும்மா நிரப்பிவிட்டு ஓட்டக் கூடாது. எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மலையில் இறங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்றால், ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன்.

நடுவில் ஒரு மழைக்காலத்தில் திரும்பவும் ரிவர்ஸ் கத்தியது. பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், புதிதாக வாங்கிய தடிமனான தரைவிரிப்பு கிளட்ச் மிதிக்கு அடியில் சுருண்டிருக்கிறது. மிதி முழுக்க இறங்கவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதுதான். இன்ஜினை அணைத்தாலும் ஓடவிட்டாலும் ஒரே மாதிரி கடினமாக இருந்தால், கியர் கேபிளையும் அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ்ஷையும் பாருங்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. தம்பி வண்டியில் கேபிளுக்குள் துரு ஏறி வந்தது.

மூன்றாவது பிரச்சினை இப்போது இருப்பது. இரண்டாவது கியர் மட்டும், அதுவும் வேகமாகப் போட்டால் மட்டும் உரசுகிறது. மற்ற கியர்களும் ரிவர்ஸும் ஒழுங்காக விழுகின்றன. ஒரே ஒரு கியர் என்றால் சந்தேகம் அந்த கியரின் சின்க்ரோ மேல்தான். உறுதி செய்ய, பழைய லாரி டிரைவர்கள் செய்யும் டபுள் கிளட்ச் செய்து பார்த்தேன். மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை விட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவது போட்டால் சத்தமே இல்லை. வேகத்தை நானே சமன் செய்துவிட்டால் சின்க்ரோவுக்கு வேலை இல்லை, அதனால்தான்.

கிளட்ச் கட் ஆகாமல் மாதக்கணக்கில் ஓட்டினேனே, அந்தப் பளுவில் இந்த ரிங்கும் தேய்ந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "இருக்குமுங்க" என்றார். இதற்கு கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆனால் உடனே வேண்டாம் என்கிறார். கிளட்ச் பிளேட் இன்னும் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் போல வருமாம். அப்போது எப்படியும் இறக்க வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இரண்டாவது கியர் சின்க்ரோ எல்லாவற்றையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம். அதுவரை திம்பத்தில் இரண்டாவது கியருக்கு டபுள் கிளட்ச்தான்.