நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையின் தளத்தில் கூகுள் ஃபாண்ட்ஸ்

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறை ஒன்றின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் பணிக்காக, இணையதளங்களுக்கு எழுத்துருக்களை இலவசமாக வழங்கும், 2010இல் தொடங்கிய கூகுள் ஃபாண்ட்ஸ் சேவையின் தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். இச்சேவையைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தையே மனத்தில் கொண்டவை என்பதால், கைபேசியில் தமிழ் படிப்பவரின் கண்ணையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

விளக்கின் அன்னம், தண்டு, பாதம் ஆகியவற்றை விவரிக்கும் நீண்ட பத்திகளுக்கு முக்தா மலரே சிறந்தது என்பது என் முடிவு. அதில் 7 தடிமன்கள் உள்ளன. உயரத்தையும் விலையையும் குறிக்கும் எண்கள் தமிழோடு இணக்கமாக நிற்கின்றன. நோட்டோ செரிஃப் தமிழ் அச்சுப் புத்தகத்தின் சாயலைத் தருவதால், பட்டறையின் வரலாற்றுப் பக்கத்துக்கு அதைத் தேர்ந்தேன். எழுத்தின் அகலத்தையும் மாற்ற முடிகிற அனேக் தமிழ், ‘நாச்சியார்கோயில்’ போன்ற நீண்ட பெயரைச் சிறிய திரையில் ஒரே வரியில் அடக்கத் துணைசெய்கிறது. காவிவனார் அழைப்பிதழுக்கு அழகு, விலைப்பட்டியலுக்கு ஆகாது.

கவனம் மிகுதியாகத் தேவைப்படுவது தடித்த எழுத்தில்தான். மீரா இனிமை, பவனம் ஆகியவை ஒரே தடிமனில் மட்டும் கிடைப்பவை. அவற்றில் தலைப்பைத் தடிப்பாக்கினால் உலாவி தானாகவே கோடுகளைப் பருக்கச் செய்துவிடுகிறது. ‘எண்ணெய்’ என்ற சொல்லை அப்படி வைத்துப் பாருங்கள்: இரண்டு ணகரங்களின் சுழிகளும் அடைபட்டு, கருமை திரண்டு நிற்கும். முக்தா மலரிலும் 400 என்ற இயல்பான தடிமனை மட்டும் இணைத்தால் இதே நிலைதான். ஆகவே இயல்பான 400, தடித்த 700 இரண்டையும் இணைத்துவிட்டு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், இப்படிப் போலித் தடிப்பை உண்டாக்கும் ‘ஃபாண்ட் சிந்தஸிஸ்’ என்பதை அணைத்து வைப்பதே முறை. சாய்வெழுத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தமிழில் அழுத்தம் தரத் தடிமனோ நிறமோ போதும்.

வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் 1.75 மடங்காக வைத்த பிறகே, மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘டி’யும் நெருக்கியடிக்காமல் விலகி நின்றன. ஆங்கிலத்துக்கென உயரம் வரையறுத்த பொத்தானில் ‘கூடையில் சேர்’ என்று எழுதினால் மேலே புள்ளி வெட்டுப்படக்கூடும். உயரத்தை நிலையாக வைக்காமல் எழுத்தைச் சுற்றியுள்ள உள்விளிம்பைக் கூட்டுவது நல்லது.

வேகத்தில் குறை சொல்வதற்கில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிக் கோப்புகள் இருப்பதால் பக்கத்துக்குத் தேவையானவை மட்டுமே இறங்குகின்றன. ₹ குறி தமிழ்க் கோப்பிலேயே சேர்ந்து வருவது கடைக்காரர்களுக்கு உண்மையான வசதி. எனினும், கோப்புகளைக் கூகுளிலிருந்து நேரடியாக அழைக்காமல் நம் தளம் இயங்கும் வழங்கியிலேயே (சர்வர்) வைத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறேன். கூகுளிலிருந்து நேரடியாக அழைக்கும்போது பார்வையாளரின் ஐபி முகவரி (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒப்புதலின்றிக் கூகுளுக்குச் செல்வது தனியுரிமை மீறல் என்று ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விளக்கு அனுப்பும் பட்டறை இதை அலட்சியம் செய்யக் கூடாது. நான் குறிப்பிட்ட எழுத்துருக்கள் அனைத்தும் திறந்த உரிமத்தில் வருபவை. அதனால் தளத்தில் வைத்த அதே முக்தா மலரைக் கட்டணமின்றி விலைச்சீட்டிலும், விளக்கை அடுக்கி அனுப்பும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.