பழுது பார்த்து வந்த ஜிபிஎஸ்: எந்த வடக்கு என்று சொல்லாத கருவி

மலையில் வழி பார்க்க நான் வைத்திருக்கும் அதே மாடல் ஜிபிஎஸ் கருவி விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று பூம்பாறை நண்பர் கேட்டார். என்னுடையது ரிப்பேர் முடிந்து வந்த நேரம். கோபம் ஆறாமலே எழுதுகிறேன்.

பேட்டரி, உறுதி, மழை தாங்குவது எதிலும் குறையில்லை. மன்னவனூர் பக்கம் போன் கைவிட்ட இடங்களில் இதுதான் துணை. அடர்ந்த சோலைக்குள்ளும் சிக்னல் பிடிக்கும்.

எரிச்சல் ஒன்றே ஒன்று. போகவேண்டிய திசையைத் திரையில் 40 டிகிரி என்று காட்டும்; எந்த வடக்கிலிருந்து 40 என்று காட்டாது. மெய் வடக்கா (வட துருவத்தைப் பார்ப்பது), காந்த வடக்கா (காம்பஸ் ஊசி காட்டுவது), கட்ட வடக்கா (வரைபடத்தின் கட்டக்கோடு மேலே போகும் திசை) என்பது செட்டிங்ஸின் அடியில் கிடக்கிறது. ரிப்பேரில் அது காந்த வடக்குக்கு மாறிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

சர்வே ஆஃப் இந்தியாவின் ஓப்பன் சீரீஸ் ஷீட்டுகள், அதாவது நிலவரைபடத் தாள்கள், யூ.டி.எம். முறையில் வரைந்தவை; அது உலகத்தை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் சதுரக் கட்டம் போடும் முறை. கொடைக்கானல் பகுதிக்கான 1:50,000 ஷீட்டை விரித்துப் பாருங்கள். பக்கவாட்டு ஓரம் தீர்க்கரேகை, அது மெய் வடக்கைப் பார்க்கும். கட்டக்கோடு இந்த மண்டலத்தின் நடுவில் உள்ள 75 டிகிரி தீர்க்கரேகையில் மட்டும்தான் மெய் வடக்கோடு ஒத்துப்போகும். கொடைக்கானல் அங்கிருந்து கிழக்கே சுமார் இரண்டரை டிகிரி தள்ளி இருப்பதால் இங்கே கட்டக்கோடு 0.44 டிகிரி கிழக்கே சாய்கிறது. அரை மீட்டர் உயரத் தாளில் அது கிட்டத்தட்ட 4 மி.மீ. உருண்டையைத் தட்டையாக்கினால் இது வந்தே தீரும், யார் தப்பும் இல்லை. ஆனால் காந்த ஊசி நம்ம பக்கத்தில் மெய் வடக்குக்கு மேற்கே நிற்கிறது. கட்டக்கோடும் ஊசியும் எதிரெதிர்ப் பக்கம் சாய்வதால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கூடுகிறது. 1 டிகிரி தவறினாலே 5 கி.மீ.க்கு 87 மீட்டர் விலகிவிடுவோம். பனிமூட்டத்தில், மலைச்சரிவில், அந்த 87 மீட்டரில் வேறு ஓடைக்குள் இறங்கிவிடலாம்.

திண்டுக்கல்லை ஒட்டி இன்னும் மோசம். 78 டிகிரி தீர்க்கரேகையில் யூ.டி.எம். மண்டலம் 43 முடிந்து 44 தொடங்குகிறது. அதுவரை கிழக்கே சாய்ந்த கட்ட வடக்கு, தாண்டியதும் மேற்கே சாயும். ஒரே அடியில் 1 டிகிரிக்கு மேல் மாறுகிறது! திரையில் மண்டல எண் மாறும், அவ்வளவுதான்.

போன் மேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அது மெர்க்கேட்டர் என்ற வேறொரு வரைபட முறை. எல்லா தீர்க்கரேகையும் செங்குத்து, மேலே எப்போதும் மெய் வடக்கு. கிரீன்லாந்தை ஊதிக் காட்டுகிறது என்று அதைத் திட்டுவார்கள். நம்ம அட்சரேகையில் நீளம் வெறும் 1.6 சதவீதம்தான் கூடுகிறது.

சரி, என் பதில்: வாங்காதீர்கள். உழைப்பில் இதற்கு ஈடான கருவியை நான் பார்த்ததில்லை, அது வேறு. எந்த வடக்கு என்று காட்டத் திரை மூலையில் ஒரே ஒரு எழுத்து போட மனமில்லாதவர்களுக்கு இன்றைக்கு என்னால் பரிந்து பேச முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஷீட்டின் கட்டத்தோடு வேலை செய்தால் கட்ட வடக்கு, சாதாரண காம்பஸோடு என்றால் காந்த வடக்கு என்று செட்டிங்ஸில் வையுங்கள். ரிப்பேருக்குப் போய் வந்தால் முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள்.