நியூராலஜி போஸ்டிங்குக்கு எந்தப் புத்தகம்?

இரண்டு வார நியூராலஜி போஸ்டிங்குக்கு, அதாவது நரம்பியல் வார்டுப் பயிற்சிக்கு, நான் முதலில் வாங்கியது ஆடம்ஸ் அண்ட் விக்டர். ஆயிரம் பக்கத்துக்கு மேல். பையில் வைத்தால் டிபன் பாக்ஸுக்கு இடமிருக்காது. மூளை ரத்தக் குழாய்களை நள்ளிரவு வரை படித்துவிட்டுப் போனேன். வார்டில் சார் "பிளான்டார் பாரு" (உள்ளங்காலைக் கீறி, பெருவிரல் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பது) என்றதும் பைக் சாவியை எடுத்து, பக்கவாதத்தில் படுத்திருந்த தாத்தாவின் நல்ல காலில், உள்ளங்கால் நடுவிலேயே இழுத்தேன். அவர் வெடுக்கென்று காலை மடக்கிக்கொண்டு, "கூசுது கண்ணு" என்றார். சார் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை ஹாஸ்டலில் சீனியர் அண்ணா கொடுத்தது ஃபுல்லர் எழுதிய 'நியூராலஜிகல் எக்ஸாமினேஷன் மேட் ஈஸி'. ஒவ்வொரு பரிசோதனைக்கும் என்ன செய்வது, என்ன தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது. பிளான்டாருக்கு, குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகவே மெதுவாக ஏறி, சுண்டுவிரலுக்குக் கீழே வந்ததும் உள்பக்கம் திரும்ப வேண்டும். கண் பெருவிரலின் முதல் அசைவில் இருக்க வேண்டும். மறுநாள் அதே தாத்தாவிடம் அனுமதி கேட்டு, விழுந்த காலில் செய்தேன். பெருவிரல் மெல்ல மேலே எழுந்தது, மூளையிலிருந்து வரும் நரம்புப் பாதை பழுது என்பதற்கான அடையாளம். 1896இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி எழுதிய விஷயம் எனக்கு அன்றுதான் புரிந்தது. சிகிச்சையை மட்டும் இதில் தேடாதீர்கள். இது பரிசோதனைக்கான புத்தகம்.

படம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்றால் லிண்ட்சே அண்ட் போன் எழுதிய 'நியூராலஜி அண்ட் நியூரோசர்ஜரி இல்லஸ்ட்ரேட்டட்'. தண்டுவடம் பாதி அறுந்தால் எந்தப் பக்கம் வலி தெரியாது, எந்தப் பக்கம் பலம் போகும் என்பதை ரெக்கார்டு நோட்டில் பார்த்து வரையலாம். நியூரோசர்ஜரியும் சேர்ந்தே வருகிறது. பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் அட்டையை நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்ததில் அட்டை புதிது, உள்ளே பழைய பதிப்பு! 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பே கிடைத்தாலும், ஸ்ட்ரோக்கில் குழாய் விட்டு ரத்தக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு வேறு புத்தகம்தான் பார்க்க வேண்டும். அதை நிலைநாட்டிய ஆய்வுகள் 2015இல்தான் வந்தன.

மூன்றாவது, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான எம்.ஆர்.சி.யின் 'எய்ட்ஸ் டு தி எக்ஸாமினேஷன் ஆஃப் தி பெரிஃபெரல் நெர்வஸ் சிஸ்டம்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்த ஒல்லிப் புத்தகம். நாம் தினமும் எழுதும் 0 முதல் 5 வரையிலான பவர் (தசை பலம்) கிரேடு இதிலிருந்து பரவியதுதான். ஒவ்வொரு தசையையும் எப்படிப் பிடித்துப் பார்ப்பது, எங்கே தொட்டால் அது சுருங்குவது தெரியும் என்று போட்டோ போட்டிருக்கிறார்கள். நாற்காலிக் கைப்பிடியில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கி, மணிக்கட்டு விழுந்து வந்த ஒருவருக்கு மேல்கையின் பின்தசையான டிரைசெப்ஸ் நன்றாக இருந்தது, முன்கைத் தசையான பிரேக்கியோரேடியாலிஸ் வேலை செய்யவில்லை. ரேடியல் நரம்பு மேல்கையில், டிரைசெப்ஸுக்குக் கிளை கொடுத்த பிறகு அழுந்தியிருக்கிறது என்று அந்தப் போட்டோக்களை வைத்தே சொன்னேன். சார் தலையாட்டினார்.

ஆடம்ஸைப் பி.ஜி. அக்கா ஒருவரிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அந்தக் காசில் அதிர்வு உணர்ச்சி பார்க்க ஒரு ட்யூனிங் ஃபோர்க் வாங்கினேன், 128 ஹெர்ட்ஸ். கடையில் 512ஐ எடுத்து நீட்டுவார்கள். அது ஈ.என்.டி.க்கு.