அல்சூர் கடையில் செய்துகொண்ட பைக் ஃபிட்

ஹாஃப் அயர்ன்மேன் (நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பயிற்சிக்காக ஞாயிறுதோறும் சைக்கிளில் தேவனஹள்ளி வழியாக நந்தி மலை அடிவாரம் போய்வருகிறேன். 60 கிலோமீட்டர் தாண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்துவிடுவேன், காற்று நெஞ்சில் அறைய, வேகம் விழும்.

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு கடையில் பைக் ஃபிட் (சைக்கிளை நம் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்வது) செய்தேன். தமிழ்த் தம்பி ஒருவர் இரண்டரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். "சீட்டு தாழ்வா இருக்குண்ணா, முழங்கால் ரொம்ப மடங்குது" என்று 12 மில்லிமீட்டர் ஏற்றினார். குனிந்து முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் ஏரோ பாரை இன்னும் இறக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார்: "90 கிலோமீட்டரும் தாங்குற குனிவுதாண்ணா வேகம்." எவ்வளவு சரி!

ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட்டைத் திருத்தத் தனிக் கட்டணம் வாங்கியது மட்டும் பிடிக்கவில்லை.

போன வாரம் அதே பாதை, அதே இதயத் துடிப்பு. சராசரி வேகம் மணிக்கு 26.4 கிலோமீட்டரிலிருந்து 27.8 ஆனது. இறங்கியதும் 5 கிலோமீட்டர் ஓடவும் முடிந்தது.